திரிக்கு ஊற்றிய தண்ணீர்

மார்ச் 1, தூத்துக்குடி

ரயிலில் மேல் படுக்கை கிடைத்ததில் முதுகு போய்விட்டது. ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு மேல் படுக்கை போடும் கணினிக்கு நல்ல புத்தி வரட்டும்.

காலை ஏழு மணிக்கே உப்பளத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. கருவியை நட்டாயிற்று. கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மரக்கூண்டுக்குள் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் பருத்தித் திரி சுற்றி, திரியின் வாலைச் சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டிருக்கும். திரியிலிருந்து தண்ணீர் ஆவியாக ஆக அந்த வெப்பமானி இறங்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இறங்காது. நம் வியர்வைக்கும் அதே கதிதான். உடம்பு தன்னை ஆற்றிக்கொள்ள முடியுமா, முடியாதா என்பதை இந்த ஈரக்குமிழ் அளவுதான் சொல்லும்.

அளவு எடுக்க ஜெபக்கனி என்ற பெண்மணியை அமர்த்தியிருக்கிறேன். நாற்பத்து நான்கு வயது, பத்தாம் வகுப்பு, அதே அளத்தில் உப்புச் சுமக்கிறவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. தினம் பகல் ஒரு மணிக்குப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், சாயங்காலம் எண்களை மட்டும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். அறுபது நாள்.

ஐந்து லிட்டர் கேன் இரண்டில் காய்ச்சி வடித்த தண்ணீர் கொடுத்தேன். "இதைத் தவிர வேற தண்ணி ஊத்தக் கூடாதும்மா. அளத்துத் தண்ணி ஒரு சொட்டுப் பட்டாலும் திரியில உப்பு ஏறிடும். அளவு கூடக் காட்டும். எல்லாம் வீணாப் போயிடும்."

"நாங்க என்ன சின்னப் புள்ளையளா சார்? உப்பு என்ன செய்யும்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று தன் குதிகாலைக் காட்டினார். வெடித்து வெள்ளையாக இருந்தது. நான் கேன்களை நிழலுக்கு நகர்த்தினேன்.

மார்ச் 2

ஊர் வந்து சேர்ந்தேன். முதுகு வலி. தைலம்.

மார்ச் 12

பன்னிரண்டு நாளும் ஒருநாள் விடாமல் அனுப்பியிருக்கிறார். ஒரு மணி என்றால் ஒரு மணி. எங்கள் ஆய்வு மையத்தில் எனக்குத் தெரிந்து இப்படி வேலை செய்கிறவர் யாருமில்லை, நான் உட்பட.

தூத்துக்குடி நகரத்து வானிலை நிலையத்தின் அளவையும் அளத்து அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளத்தில் ஏறத்தாழ இரண்டு டிகிரி கூடுதல். நினைத்ததுதான். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் தேங்கி ஆவியாகும் இடத்தில் காற்று எப்படி உலர்ந்திருக்கும்? ஆனால் நினைப்பது வேறு, அறுபது நாள் எண்ணாக வைத்திருப்பது வேறு. வெயில் ஆணைக்காக அரசு போட்டிருக்கும் வல்லுநர் குழு கேட்பது எண்ணைத்தான்.

மார்ச் 20

இயக்குநர் பரசுராமன் கூப்பிட்டார். மே முதல் வாரம் வல்லுநர் குழு கூடுகிறது. ஈரக்குமிழ் 29-ஐத் தொட்டால் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வெளிவேலை நிறுத்தம் என்று ஆணை வரப்போகிறது. அந்த 29-ஐ எங்கே அளப்பது என்பதுதான் பாக்கி. நகரத்து நிலையத்தில் அளந்தால் உப்பளத்துக்காரர்களுக்கு அந்த ஆணை இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். அங்கே 29 வருவதே அபூர்வம். அளத்திலேயே அளந்தால் பாதிக் கோடைக்கு அவர்கள் மத்தியானம் நிழலில் இருக்கலாம்.

நான் படித்த காலத்தில் மனித உடம்பு ஈரக்குமிழ் 35 வரை தாங்கும் என்று புத்தகத்தில் இருந்தது. தாளில் போட்ட கணக்கு. சில வருடங்களுக்கு முன்புதான் வாலிபர்களை அறைக்குள் வைத்துச் சூட்டையும் ஈரத்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். லேசாக நடமாடிக்கொண்டிருந்த ஆரோக்கியமான பிள்ளைகளுக்கே 31-ஐ ஒட்டி உள்சூடு ஏறத் தொடங்கிவிட்டது. நாலு டிகிரி குறைந்துவிட்டது. அவர்கள் தலையில் உப்புக்கூடை இல்லை. வயது நாற்பத்து நான்கும் இல்லை.

"உன் அறுபது நாள்தான்யா துருப்பு. கோட்டை விட்டுடாதே" என்றார் பரசுராமன்.

ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். உருப்படியாக ஒன்றைச் செய்துவிட்டுப் போகலாம் என்று ஆசையாகத்தான் இருக்கிறது.

மார்ச் 31

வீட்டு ஏசிக்கு காஸ் நிரப்பினார்கள். மெக்கானிக் குழாயை ஒழுங்காக மாட்டாததால் பால்கனியில் தண்ணீர் சொட்டுகிறது. பக்கெட் வைத்திருக்கிறோம். "தினம் ஒரு பக்கெட். இந்தத் தண்ணிய என்னதான் பண்றது?" என்கிறாள் வசுமதி. இது ஏறக்குறைய காய்ச்சி வடித்த தண்ணீர்தான் என்று கல்யாணமான நாளிலிருந்து செய்துவரும் என் விஞ்ஞானப் பிரசங்கத்தைத் தொடங்கினேன். "அப்ப நீங்களே தூக்கிட்டுப் போய்க் கொட்டுங்க" என்றாள். சாக்கடையில் கொட்டினேன்.

ஏப்ரல் 7

ஜெபக்கனி போன் செய்தார். "சார், வடிச்ச தண்ணி நாளையோட தீந்துரும். அனுப்புதீயளா?"

பத்து லிட்டரும் நாற்பது நாளைக்குள் காலி. அந்த வெயிலும் கடற்காற்றும் திரியை எப்படி உறிஞ்சும் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். ஸ்டோரில் மாசிலாமணியிடம் கேட்டேன். மஞ்சள் படிவத்தை எடுத்துப் பெயர், பொருள், தேதி எல்லாம் அவரே நிரப்பிக் கொடுத்தார். "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க சார், நாளைக்கே பார்சல் போயிடும்." பேனா மாடியில் என் மேசையில் இருந்தது. படிவத்தை இந்த நாட்குறிப்புக்குள் வைத்திருக்கிறேன். காலையில் முதல் வேலை.

ஏப்ரல் 8

வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து என் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. மதிப்பீட்டாளர் பதினேழு கேள்வி கேட்டிருக்கிறார். பத்து நாள் கெடு. படித்துவிட்டுச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை பிறந்துவிட்டது. வசுமதி மாங்காய்ப் பச்சடி செய்தாள், வேப்பம்பூ தூக்கலாக. நான் கேள்வி ஒன்பதில் இருக்கிறேன்.

ஜெபக்கனி வாழ்த்துச் சொல்ல அழைத்தார். வாழ்த்திவிட்டு, "சார், அந்தத் தண்ணி..." என்றார்.

"வந்துட்டே இருக்கும்மா. அதுவரைக்கும் இருக்கறத வச்சுச் சமாளிங்க."

"எதைன்னு சார்?"

"சமாளிங்கம்மா" என்று வைத்துவிட்டேன். பண்டிகை நாளில் கூடவா.

ஏப்ரல் 19

பதினேழு கேள்விக்கும் பதில் போய்விட்டது. கட்டுரையின் தலைப்பே, போன வருடம் நான் தாளில் கணக்குப் போட்டுச் சொன்ன, உப்பளத்துக்கும் நகரத்துக்கும் இடையிலான அந்த இரண்டு டிகிரிதான். ஆறு மாதத்தில் வெளிவரும். வசுமதியோடு ஓட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன்.

மஞ்சள் படிவம் இந்தப் பக்கத்தில் இருந்தது. எழுத இடைஞ்சலாக இருந்ததால் பின்னட்டையில் செருகினேன். அறுபது நாளில் இனி பத்து நாள்தான் பாக்கி. இப்போது அனுப்பிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஜெபக்கனி அங்கேயே பேட்டரிக் கடையில் வடித்த தண்ணீர் வாங்கிக்கொண்டிருக்கலாம். கொஞ்சம் யோசிக்கக் கூடாதா?

அவருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டியது நான்தான். அது வேறு விஷயம்.

ஏப்ரல் 29

அறுபது நாள் முடிந்தது. அளத்தில் 29-ஐத் தாண்டிய நாள்கள் இருபத்தாறு. நகரத்தில் ஒன்றே ஒன்று.

ஒன்றைத் தனியாகப் பார்த்துக்கொண்டேன். ஏப்ரல் 8-க்கு முன்னால் இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் 1.9. அதற்குப் பின்னால் 2.0. உப்பு ஏறியிருந்தால் பின்னால் சட்டென்று கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. எதை ஊற்றினாரோ, அளவு கெடவில்லை. மனசு லேசாகியது.

மே 4

கத்திரி தொடங்கியது. மாடிக் குழாயில் கை வைக்க முடியவில்லை.

குழுவுக்கு அனுப்பிய அறிக்கையில் தண்ணீர் விஷயத்தை எழுதவில்லை. அளவு கெடாதபோது அதை எழுதி ஏன் குழப்ப வேண்டும்?

மே 6

குழு. பதினொரு மணிக்குக் கூட்டம், நல்ல குளிர். என் பக்கத்திலிருந்தவர் சால்வையே கொண்டுவந்திருந்தார்.

உப்பு உற்பத்தியாளர் தரப்பிலிருந்து வந்தவர் கெட்டிக்காரர். கத்தவில்லை. ஒரு படத்தைத் திரையில் போட்டார். எங்கள் கருவிதான், ஏப்ரல் கடைசியில் யாரோ எடுத்தது. திரி வெள்ளை பூத்திருந்தது. "இது உப்பு. உங்க ஆள் அளத்துத் தண்ணிய ஊத்தியிருக்காங்க. உப்பு ஏறினா அளவு கூடும்னு நீங்களே உங்க விதிமுறையில எழுதியிருக்கீங்க. அந்த ரெண்டு டிகிரி இதுதான்."

தலைவர் அம்மா என்னைப் பார்த்தார். நியாயமான மனுஷி. எங்களுக்குச் சாதகமாகத்தான் இருந்தார். "வடிச்ச தண்ணி அறுபது நாளும் விட்டுப்போகாம அவங்களுக்குப் போய்ச் சேர்ந்துதா?" என்று கேட்டார்.

சுருக்கமாகப் பதில் சொன்னேன்.

"அப்ப அளவு எடுத்தவங்க தப்பு. எந்த நாள் சரி, எந்த நாள் தப்புன்னு யாருக்குத் தெரியும்? அறுபதையும் எடுத்துக்க முடியாது" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். நகரத்து நிலையத்து அளவே போதும் என்று முடிவாயிற்று.

மத்தியானம் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் போட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மே 7

பரசுராமன் என்னைத் தவிர்த்தார். லிஃப்டில் மட்டும், "படிச்ச பொம்பளைன்னு சொன்னியேய்யா" என்றார். நான் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 8-இல் ஒரு கோடு கிழித்து, இதுவரை வடித்த தண்ணீர், இதற்கு மேல் இல்லை, இரண்டு பக்கமும் வித்தியாசம் ஒன்றே என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஏன் அன்றோடு தண்ணீர் நின்றது என்று அடுத்த கேள்வி வரும்.

பக்கெட் நிறைந்திருந்தது. கொட்டினேன்.

மே 13

ஆணை வந்துவிட்டது. நாளிதழ்களில் பாராட்டு. தொழிலாளர் நலனில் விஞ்ஞானம் என்று ஒரு தலையங்கம். நகரத்து நிலையம் 29 காட்டினால் வேலை நிறுத்தம். இன்றைய நகரத்து அளவு 27.8.

மே 15

ஜெபக்கனி இன்னும் எண்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஏப்ரல் 29-ஓடு முடிந்தது என்று நான் சொல்லவில்லை போலிருக்கிறது. சத்தம் வராமல் வைத்திருந்ததால் கவனிக்கவில்லை. இன்று 30.1. கூடவே ஒரு குரல் பதிவு:

"சார், கூடையத் தூக்குற பொம்பளைய எல்லாம் எங்கிட்டத்தான் கேக்காவ, இன்னைக்கு எவ்வளவுன்னு. நான் சொல்லுதேன். மேஸ்திரி போனைக் காட்டுதாரு, அதுல இருபத்தேழுன்னு இருக்கு. எது சார் சரி? நீங்க சொன்னா அவரு கேட்டுக்கிடுவாரு."

இதற்கு என்ன பதில் சொல்வது? நாளை யோசித்துச் சொல்லலாம். நிறுத்தச் சொல்லவும் வேண்டும்.

மே 18

சொல்லவில்லை. 30.2.

மே 21

சாயங்காலம் எண் வரவில்லை. ஒருவழியாக நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. நல்லது. நானாகச் சொல்ல வேண்டிய சங்கடம் மிச்சம்.

மே 24

அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கத் தயங்கித்தான் எடுத்தேன். ஆண் குரல்.

"சார், நான் தங்கத்துரை. ஜெபக்கனி வீட்டுக்காரன். நேத்து அடக்கம் முடிஞ்சுது சார். அவ நோட்டு ஒண்ணு இருக்கு. உங்ககிட்ட ஒப்படைக்கணும்னு எப்பவும் சொல்லிக்கிட்டு இருப்பா."

புதன்கிழமை மத்தியானம் ஒன்றே முக்காலுக்குக் கூடையோடு வரப்பில் சாய்ந்திருக்கிறார். உடம்பு கொதித்ததாம், வியர்வையே இல்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

புதன்கிழமை 21-ஆம் தேதி. மேலே அந்தத் தேதியில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கை போயிற்று. கிழிக்கவில்லை.

நகரத்து நிலையத்தில் அன்று 28.2. ஆணைப்படி வேலை செய்யக்கூடிய நாள்.

மே 26, தூத்துக்குடி

தங்கத்துரை சுமை வண்டி ஓட்டுகிறவர். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கலர் சோடா வாங்கிவரப் போனார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சுவர் ஓரமாக எங்கள் கேன் இரண்டும் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன.

"காலிக் கேனைத் திருப்பிக் குடுத்தாத்தான் புதுசு தருவாவளோ என்னமோன்னு சொல்லிக் கழுவி வச்சா சார். அப்புறம் ஒருத்தரும் வரல."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"அறுபது நாள் முடிஞ்சதும் நிறுத்தியிருக்கலாமே?" என்று கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலியே சார். சார் பெரிய மீட்டிங்ல இதை வச்சுத்தான் பேசப் போறாவ, நடுவுல விட்டா அவியளுக்கு அசிங்கம்னு சொல்லுவா."

நோட்டை வாங்கிக்கொண்டேன். லாட்ஜுக்கு வந்துதான் திறந்தேன். எண்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. தெரியாதது கடைசிப் பத்தி. 'குறிப்பு' என்று தலைப்பிட்டு நானே கட்டம் போட்டுக் கொடுத்தது. அதை அனுப்பச் சொல்லவில்லை, அதனால் அவர் அனுப்பவில்லை.

ஏப்ரல் 8: வடித்த தண்ணீர் முடிந்தது. சாரிடம் சொல்லியாச்சு.

ஏப்ரல் 9: குடிதண்ணீர் ஊற்றினேன். அளத்துத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஏப்ரல் 12: குடிதண்ணீரில் திரி வெள்ளை பூக்கிறது. சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து மாற்றினேன். மூன்று நாளைக்கு ஒருதடவை மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 14: சாரிடம் சொன்னேன். வந்துகொண்டிருக்கிறதாம்.

ஏப்ரல் 25: குடிதண்ணீர் டேங்கர் வரவில்லை. கையில் அரை பாட்டில். திரிக்குப் போக மீதியைக் குடித்தேன்.

ஒவ்வொரு மூன்றாம் நாளும் 'திரி மாற்றினேன்' என்று இருக்கிறது. ஒன்றுகூட விடவில்லை. குழுவில் போட்ட படத்தை யாரோ எடுத்தது, மாற்றுவதற்கு முந்தின நாளாக இருந்திருக்கும்.

கடைசிப் பக்கம்.

மே 21, மணி 1. ஈரக்குமிழ் 30.4. குறிப்பு: டேங்கர் வரவில்லை. திரிக்கு மட்டும் இருந்தது.

நோட்டை மூடிவிட்டு அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி, "என்ன சார், ஏதும் ஆஸ்பத்திரி கேஸா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மே 28

கத்திரி இன்றோடு முடிகிறது. வெயிலுக்குத் தெரியாது.

பரசுராமனிடம் நோட்டையும் கையெழுத்தில்லாத மஞ்சள் படிவத்தையும் காட்டினேன். கடைசிப் பத்தியை முழுதாகப் படித்தார். மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "குழு மறுபடி கூட அடுத்த வருஷம் ஆகும்யா. அதுக்குள்ள நீ ஓய்வு பெறுவே. நோட்டை மட்டும் அனுப்பலாம். அவங்க மேல தப்பில்லைன்னு தெரியட்டும். மத்தது எதுக்கு?" என்றார். என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார்.

நோட்டை மட்டும் அனுப்பினால், ஏப்ரல் 8-ஆம் தேதி தண்ணீர் ஏன் முடிந்தது, பிறகு ஏன் வரவில்லை என்பதற்கு மறுபடியும் யாராவது கீழே இருக்கிறவர் தலையில்தான் விடியும். இந்தத் தடவை மாசிலாமணியாக இருக்கலாம்.

தலைவர் அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அறுபது நாள் அளவும் சரியானவை, உப்பளத்து அளவை உப்பளத்தில்தான் எடுக்க வேண்டும், அடுத்த வருஷம் வரை காத்திருக்கக் கூடாது, இன்னும் நாலு மாதம் உப்பு வாருவார்கள் என்று எழுதினேன். இணைப்பு ஒன்று, ஜெபக்கனியின் நோட்டு. இணைப்பு இரண்டு, ஏப்ரல் 7 தேதியிட்ட மஞ்சள் படிவம், கையெழுத்து இல்லாமல். இணைப்பு மூன்று, இந்த நாட்குறிப்பு. நெய் ரோஸ்ட், உருளைக்கிழங்குப் பொரியல், எதையும் அடிக்கவில்லை.

அம்மா, மே 6-ஆம் தேதிப் பக்கத்தில் உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னேன் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நான் சொன்ன பதில் உங்களுக்கு நினைவிருக்கும். 'போனது' என்றேன்.

போகவில்லை. நான் அனுப்பவில்லை.